தண்டனை இடமாற்றத்தில வந்தவருக்கு சமய பாடத்தைக் குடுத்தவைக்கு ஒரு திறந்த மடல்

வலயக் கல்வி அலுவலகத்தில ஆசிரியர் இடமாற்றம் பாக்கிற அதிகாரிமாருக்கும், பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும், எங்கட பக்கத்து பாதர்மார், பாஸ்ரர்மாருக்கும்,

நான் தரம் 9ல படிக்கிற ஒரு பெடியன்ர தாய். கிளிநொச்சி மாவட்டத்தில ஒரு குளத்துக்கு கீழ இருக்கிற ஊர். பேர் போடாததுக்கு காரணம் பயம் இல்லை, என்ர பேரைப் போட்டால் பிள்ளை ஆர் எண்டு தெரிஞ்சிடும், அவன் இன்னும் ரெண்டு வருசம் அதே பள்ளிக்கூடத்தில தான் படிக்க வேணும்.

போன மாசம் பெற்றார் கூட்டம் எண்டு கூப்பிட்டியள். வயல் வேலையை விட்டிட்டு வந்தனாங்கள். மேடையில ஏறின ஒரு அதிகாரி முக்கால் மணித்தியாலமா எங்களை ஏசினவர். வன்னிப் பிள்ளையளிட்ட ஒழுக்கம் எண்டது துப்பரவா இல்லையாம், தாய்மார் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறமாம், கோயிலுக்கு சேர்ச்சுக்கு அனுப்புறேல்லையாம், சமய அறிவு இல்லாததால தான் பெடியள் கஞ்சா, ஐஸ் எண்டு போறாங்களாம். பக்கத்தில இருந்த பாதரும் தலையை ஆட்டினவர். நான் எழும்பி ஒரு கேள்வி கேக்கப் போக, நேரம் போச்சு எண்டு மைக்கை வாங்கிட்டினம். அந்தக் கேள்வியைத்தான் இதில எழுதுறன்.

சமயம் இல்லாததால ஒழுக்கம் போச்சு எண்டால், அந்த சமயத்தைப் படிப்பிக்க நீங்கள் ஆரை அனுப்பினீங்கள்?

இந்த வருசம் தொடங்கேக்க கத்தோலிக்க, கிறிஸ்தவ பிள்ளையளுக்கு பாடம் எடுத்த ரீச்சர் மாறிப் போட்டா. அவவின்ர இடத்துக்கு ஒரு சேர் வந்தவர். வேற வலயத்தில ஏதோ பிரச்சினைப்பட்டு, விசாரணை வைச்சு, அதுக்குப் பிறகு இங்க அனுப்பினது எண்டது ஊருக்கே தெரியும். உங்கட பைலில வேற சொல்லு எழுதியிருக்கலாம், சனத்தின்ர வாயில அது தண்டனை இடமாற்றம் தான். எங்க பிழை விட்டாலும் பிழை விட்டவரை வன்னிக்கு அனுப்பு. இது இண்டைக்கு நேற்று தொடங்கின பழக்கம் இல்லை. எங்கட மண் உங்களுக்கு தண்டனை, எங்களுக்கு வீடு. அதை விடுவம், அது பெரிய கதை.

வந்தவருக்கு கணக்கு குடுக்கேல்லை, விஞ்ஞானம் குடுக்கேல்லை. ஏன் எண்டால் அதில ரிசல்ற் பாப்பினம். சமயத்தைக் குடுத்தினம். சமயம் சாதாரண தரத்தில கட்டாய பாடம் எண்டாலும் அதில ஆரும் பெயில் விடமாட்டினம் எண்டு ஒரு நினைப்பு, ஆர் சும்மா இருக்கிறாரோ அவரிட்ட தள்ளி விடுறது. எங்கட பள்ளிக்கூடத்தில கூடச் சைவப் பிள்ளையள் தான். அவையள் வகுப்பில இருக்க, எங்கட கொஞ்சப் பிள்ளையள் கதிரையைத் தூக்கிக்கொண்டு நூல்நிலையத்துக்கோ மரத்துக்கு கீழயோ போகவேணும். கத்தோலிக்கத்துக்கு ஒரு புத்தகம், மற்ற கிறிஸ்தவ சபைக்காரருக்கு வேற புத்தகம், ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில எடுக்க வேணும். கஷ்டம் தான், ஒத்துக்கொள்ளுறன். நான் பிறந்தது தென்னிந்திய திருச்சபையில, முடிச்சது கத்தோலிக்க வீட்டில, அதால ரெண்டு புத்தகத்தையும் பிரட்டிப் பாத்திருக்கிறன். புத்தகத்தில ஒரு பிழையும் இல்லை. என்ர வழக்கு புத்தகத்தோட இல்லை.

இனி நடந்ததைச் சொல்லுறன்.

ஒரு நாள் பின்னேரம் பக்கத்து வளவுப் பெடியன் சைக்கிளுக்கு காத்தடிக்க பம் கேட்டு வந்தவன். என்ர மகனோட ஒரே வகுப்பு, சின்னனில இருந்து ஒண்டா குளத்தில விழுந்து எழும்பினவங்கள். நான் குசினிக்குள்ள நிண்டனான். மகன் படலையடியில நிண்டு சொல்லுறான், "தோட்டக்காட்டானுக்கெல்லாம் குடுக்கேலாது" எண்டு. மலையகத்தில இருந்து வந்த ஆக்களை இழிவாச் சொல்லுற சொல்லு அது. எனக்கு கை கால் விறைச்சுப் போச்சு. வெளியில வர அந்தப் பெடியன் போட்டான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போறான், திரும்பிப் பாக்கேல்லை.

அந்தப் பெடியன்ர அம்மப்பா ஆக்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து கையில ரெண்டு சட்டி பானையோட வந்து, இங்க காடு வெட்டி, கிணறு கிண்டி குடியிருந்த ஆக்கள். இண்டைக்கு கிளிநொச்சியில, வவுனியாவில எத்தினை ஊர் அவையின்ர வேர்வையில நிக்குது எண்டு உங்கட அலுவலகத்தில இருக்கிற வயசான ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. 2009ல முழங்காலில செல் பீஸ் பட்டு, செட்டிகுளம் அகதி முகாமில எழும்பேலாமல் நான் கிடந்தப்ப, எனக்கும் சேத்து தண்ணி லைனில நிண்டு வாளி தூக்கினது அந்தப் பெடியன்ர அம்மம்மா. என்ர சாதி சனம் ஒண்டும் அண்டைக்கு பக்கத்தில இல்லை.

நான் மகனுக்கு ஒண்டு குடுத்திட்டன். மறைக்க என்ன இருக்கு, கன்னத்தில தான். பிறகு அவன் அழுது முடிய, பக்கத்தில போய் இருந்து, நான் அடிச்சது பிழை எண்டு மன்னிப்பு கேட்டனான். அதுக்குப் பிறகு தான் வாயைத் திறந்தவன். "சேர் அப்பிடித்தான் அம்மா அவனைக் கூப்பிடுறவர், எல்லாரும் சிரிக்கிறவங்கள், நானும் சிரிச்சனான்."

முதல் நாள் பாடத்திலயே ஒவ்வொரு பிள்ளையா எழுப்பி உங்கட பூர்வீகம் எங்க எண்டு கேட்டவராம். யாழ்ப்பாணம் எண்டு சொன்ன பிள்ளையள் முன்னுக்கு, மற்றதுகள் பின்னுக்கு. பதினாலு வயசுப் பிள்ளைக்கு பூர்வீகம் எங்க தெரியும்? என்ர மகன் விசுவமடு எண்டு சொன்னவனாம், ஏனெண்டால் நாங்கள் மீள்குடியேறேக்க முதல் கொட்டில் போட்டது அங்க. அதுக்கும் ஒரு நக்கல்.

நான் அவன்ர சமயக் கொப்பியை எடுத்துப் பாத்தன். அண்டைக்குப் படிச்ச பாடம் நல்ல சமாரியன். எரிகோ வழியில அடிபட்டுக் கிடந்தவனை குரு கண்டும் விலகிப் போனது, லேவியன் விலகிப் போனது, சமாரியன் நிண்டு எண்ணெயும் இரசமும் வாத்து காயம் கட்டி, சத்திரக்காரனிட்ட ரெண்டு காசும் குடுத்தது எல்லாம் வடிவா எழுதியிருக்கு. கீழ சேர் சொல்லி எழுதின குறிப்பு: "சமாரியர் எனப்படுவோர் யூதரால் இழிவாகக் கருதப்பட்ட மக்கள் ஆவர்." அடியில சிவப்புக் கோடு. இதை எழுதிப்போட்டு அதே பாடத்துக்குள்ள அந்தப் பெடியனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளையளுக்கு எது மனதில நிண்டது எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இது மட்டும் இல்லை. வராத நாளுக்கு வந்ததா கையெழுத்து விழும், பிள்ளையளுக்கு அது தெரியும். வாற நாளிலயும் போனைத் தோண்டிக்கொண்டு இருக்கிறார், பிள்ளையள் போன் கொண்டு வந்தால் மட்டும் பறிக்கிறார். தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை கேள்வியளை "முக்கியமானது" எண்டு எழுதிப் போட்டவர், அப்பிடியே வந்தது. என்ர மகனுக்கு 92. வாழ்க்கையில முதல் தரம் அவன் மார்க்சைக் காட்டேக்க என்ர முகத்தைப் பாக்கேல்லை. ஐயா, அந்த 92ஐ வைச்சுத்தான் நீங்கள் சமய பாட அடைவு மட்டம் கூடிட்டுது எண்டு மேல அறிக்கை அனுப்பியிருப்பியள். களவு செய்யாதே எண்ட கட்டளை எத்தினையாவது எண்டு கேட்டால் எல்லாப் பிள்ளையும் கை உயர்த்தும்.

இப்ப நீங்கள் சொல்லுவியள், அந்தக் காலத்தில பிரம்பு இருந்தது, இப்ப அடிக்கேலாது, அதால தான் ஒழுக்கம் இல்லை எண்டு. கூட்டத்திலயும் அதை ஒருத்தர் சொன்னவர். 2016ல கல்வி அமைச்சு 12/2016 சுற்றறிக்கை போட்டு அடிக்கக் கூடாது எண்டிட்டுது, ஆசிரியர் அடிச்சு காது பாதிக்கப்பட்ட பிள்ளையின்ர வழக்கில 2021ல உயர் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிட்டுது. எனக்கு அது நல்லது தான். ஆனால் இந்த சேர் ஒருத்தருக்கும் அடிக்கிறேல்லை, பிரம்பை மட்டும் பாத்தால் அவர் சுத்தமான ஆள். வாயால அடிக்கிறதை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை.

பிரம்பால வந்த ஒழுக்கத்தையும் நான் கண்டிருக்கிறன், அதைப்பற்றி ஒரு கதை சொல்லவேணும், ஏனெண்டால் இந்த மடலை எழுத எனக்கு துணிவு தந்ததே அந்த மனிசன் தான்.

1996ல இராணுவத்தின்ர சத்ஜெய நடவடிக்கையோட கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. நாங்கள் ஸ்கந்தபுரம் பக்கம் போய் தறப்பாளுக்கு கீழ இருந்தனாங்கள். பள்ளிக்கூடம் மரத்துக்கு கீழ, ஒரே இடத்தில காலமை ஒரு பள்ளிக்கூடம் பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடம். பொருளாதாரத் தடை, கொப்பி கிடைக்காது, சவுக்காரம் கிடைக்காது, மண்ணெண்ணெய் விலை கேட்டால் தலை சுத்தும். எங்களுக்கு சமயம் எடுத்த சேர் தானும் இடம்பெயர்ந்தவர் தான், ரெண்டே ரெண்டு சேட், மாறி மாறிப் போடுவார். நேரத்துக்கு வராட்டில் அடிப்பார். எல்லாரும் அடிச்ச காலம் அது.

ஒரு நாள் ஒரு பெடியன் பிந்தி வந்தவன். காரணம் கேக்காமல் நாலு அடி. அவன் ஒண்டும் சொல்லேல்லை, கையை உதறிப்போட்டு இருந்தவன். பின்னேரம் தான் சேருக்குத் தெரிய வந்தது, தாய்க்கு மலேரியாக் காய்ச்சல், அவன் விடியப்புறம் நாலு மணியில இருந்து சங்கக்கடையில நிவாரண லைனில நிண்டு அரிசியை எடுத்துக் குடுத்திட்டு தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடி வந்தவன் எண்டு. அடுத்த நாள் காலமைப் பிரார்த்தனையில, முழுப் பள்ளிக்கூடமும் நிக்க, சேர் முன்னுக்கு வந்தவர். அந்தப் பெடியனைக் கூப்பிட்டு, பிரம்பை அவன்ர கையில குடுத்து, "நேற்று நான் விசாரிக்காமல் அடிச்சது பிழை, உன்னட்ட மன்னிப்பு கேக்கிறன்" எண்டு சொன்னவர். பெடியனுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, பிரம்பை வைச்சுக்கொண்டு அழுதவன். சில ரீச்சர்மாருக்கு அது பிடிக்கேல்லை, மரியாதை போச்சு எண்டு கதைச்சவை.

எங்களுக்கு அப்ப பன்ரண்டு வயசு. வாத்தியார் எண்டவர் மன்னிப்பு கேப்பார் எண்டு எங்களுக்கு அதுவரை தெரியாது, அப்பாமாரும் கேட்டதில்லை. அதுக்குப் பிறகு அந்த வகுப்பில ஒரு விசயம் நடந்தது. ஆராவது ஏதாவது உடைச்சால், எடுத்தால், தானாப் போய்ச் சொல்லத் தொடங்கிட்டம். பெரிய புனிதர் ஆகேல்லை, குளப்படி குளப்படி தான், ஆனால் பொய் சொல்ல வெக்கமா இருந்தது. பாவசங்கீர்த்தனம் பற்றி அவர் படிப்பிச்ச பாடம் எனக்கு ஒரு வரியும் ஞாபகம் இல்லை. என்ர பிள்ளையை அடிச்சுப்போட்டு அவனிட்ட மன்னிப்பு கேக்க எனக்கு எங்கயிருந்து வந்தது எண்டு யோசிச்சுப் பாத்தன், அந்த மரத்தடி தான்.

அந்த சேரை கடைசியா நான் கண்டது 2009 மாசியில, தேவிபுரம் பக்கம். சைக்கிளில ஒரு சாக்கு கட்டியிருந்தவர். என்ன சேர் இது எண்டு கேட்டன், வகுப்பு இடாப்பு எண்டவர். பள்ளிக்கூடம் ஒண்டும் நடக்கேல்லை, செல் விழுந்துகொண்டு இருக்கு, பிள்ளையளின்ர பேர் இடாப்பை சாக்குக்குள்ள சுத்தி வைச்சிருக்கிறார். அதுக்குப் பிறகு அவரை நான் காணேல்லை, கண்ட ஆக்களையும் காணேல்லை. இப்ப வராத நாளுக்கு கையெழுத்து வைக்கிறதைப் பாக்கேக்க எனக்கு அந்த சாக்கு தான் கண்ணுக்குள்ள வருது.

பாதர்மார், பாஸ்ரர்மார், இனி உங்களோட கதைக்கிறன். கோவிக்காதேங்கோ. இந்த விசயத்தில நீங்கள் கல்விக் கந்தோரை விடக் கூடப் பொறுப்பு. நற்சாட்சிக் கடிதம் எழுதிக் குடுக்கிறது நீங்கள். ஆளைத் தெரியாமல், பூசைக்கு வாறவர் எண்ட ஒரு காரணத்துக்காக, இன்னாருக்குச் சொந்தம் எண்டதுக்காக கடிதம் போகுது. எங்கட சேருக்கும் அப்பிடி ஒரு கடிதம் இருக்கு எண்டு அவரே சொல்லித் திரியிறார். கன பேர் போதகராக விரும்பாதேங்கோ, போதிக்கிறவைக்குத் தீர்ப்பு கடுமையா இருக்கும் எண்டு யாக்கோபு எழுதினதை நீங்கள் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுறியள். சின்னனுகளுக்கு இடறல் குடுக்கிறவன்ர கழுத்தில எந்திரக்கல் எண்டதையும் வாசிக்கிறியள். 1975ல ஆறாம் பவுல் பாப்பரசர் எழுதின திருத்தூது ஊக்கவுரை பாதர்மாருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும், இந்தக் காலத்து மனிசர் போதிக்கிறவையை விட வாழ்ந்து காட்டுறவைக்குத் தான் காது குடுப்பினம் எண்டு அதில இருக்கு.

2015 தை மாசம் பாப்பரசர் பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்தப்ப நாங்களும் போனனாங்கள், மகனை என்ர மனிசன் தோளில தூக்கி வைச்சிருந்தவர். அண்டைக்கு காலமை தான் கொழும்பில ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக்கினவை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைக் கலைச்சுக் கலைச்சுப் பிடிச்ச காலத்தில பிச்சைக்காரன் மாதிரி வேசம் போட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த மனிசன். 1697ல கண்டியில அம்மை வந்து, சொந்த ஆக்களே நோயாளியளைக் காட்டில விட்டிட்டு ஓடேக்க, அவர் நிண்டு பீ மூத்திரம் அள்ளினவர். புத்தகம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சனம் அவரைப் பாத்துத் தான் நம்பினது. எங்கட விசுவாசம் வந்த வழி அது எண்டு திருவிழாவுக்குத் திருவிழா பிரசங்கம் வைக்கிறியள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் போடேக்க மட்டும் அது மறந்து போகுது.

நான் எல்லா ஆசிரியரையும் சேத்துச் சொல்லேல்லை. மாறிப் போன ரீச்சர் பற்றி ஒண்டு சொல்லோணும். அவ விடிய அஞ்சு மணிக்கு யாழ்ப்பாணத்தில இருந்து பஸ் ஏறி வாறவ, ஒன்றரைக்கு மணி அடிக்க ஓட வேணும், இல்லாட்டில் பஸ் போயிடும். அப்பிடி இருந்தும் மதியச் சாப்பாடு கொண்டு வராத பிள்ளையள் ஆர் எண்டு அவவுக்குத் தெரியும். சத்தம் போடாமல் தன்ர பார்சலைப் பிரிச்சு வைச்சிட்டு, எனக்கு இண்டைக்குப் பசியில்லை, ஆரெண்டாலும் சாப்பிடுங்கோ எண்டு போயிடுவா. பெடியள் பிறகு பிறகு தங்கட சாப்பாட்டையும் நடுவில வைக்கப் பழகிட்டாங்கள். அப்பம் பலுகின புதுமையை அவ என்னெண்டு படிப்பிச்சா எண்டு எனக்குத் தெரியாது. அவ இருந்த ரெண்டு வருசமும் அந்தப் பிள்ளையளைப் பற்றி ஒழுக்காற்றுக் குழுவுக்கு ஒரு முறைப்பாடு போகேல்லை எண்டு நிர்வாகத்துக்கே தெரியும். அவவை மாத்தேக்க ஒரு தாயையும் கேக்கேல்லை நீங்கள்.

எங்கட பிள்ளையளில கன பேருக்கு அப்பா இல்லை, சில பேருக்கு இருந்தும் இல்லை. கசிப்பு, ஐஸ், வட்டிக்காசு எல்லாம் படலை வரைக்கும் வந்திட்டுது. இந்தப் பிள்ளையள் ஒரு பெரிய மனிசன் என்னெண்டு நடப்பான் எண்டு பாக்கிறது பள்ளிக்கூடத்தில தான். பதினாலு வயசில அவங்கள் சொல்லைக் கேக்கிறேல்லை, ஆனால் கண்ணுக்கு ஒண்டும் தப்பாது. சேர் எப்பிடிச் சிரிக்கிறார், ஆரைப் பாத்து எழும்புறார், ஆரை நிக்க வைச்சுக் கதைக்கிறார் எல்லாம் அப்பிடியே வீட்டுக்கு வருது. எனக்கு என்ர படலையில வந்து நிண்டது.

நான் கேக்கிறது இதுகள் தான்.

ஒழுக்க விசாரணை நடந்து இடமாற்றம் வாங்கின ஒருத்தரையும், விசாரணை முடிஞ்சு சுத்தம் எண்டு எழுத்தில வரும்வரை, எங்கட பிள்ளையளுக்கு சமய பாடம் எடுக்க விடாதேங்கோ. இப்ப இருக்கிறவரை இந்தத் தவணை முடியிறதுக்குள்ள அந்தப் பாடத்தில இருந்து எடுங்கோ. எடுத்து அடுத்த கிராமத்துக்குத் தள்ளி விடாதேங்கோ, அங்கயும் பிள்ளையள் தான் இருக்குதுகள். அவர் போறதுக்கு முதல் வகுப்புக்கு முன்னால நிண்டு அந்தப் பெடியனிட்ட மன்னிப்பு கேக்க வேணும். நிர்ப்பந்தம் பண்ணிக் கேக்க வைக்கிறதில பிரியோசனம் இல்லை எண்டு என்ர மனிசன் சொல்லுறார், எனக்கு அப்பிடிப் படேல்லை, பிள்ளையள் அதைப் பாக்க வேணும்.

பாதர்மாரும் பாஸ்ரர்மாரும் கடிதம் குடுக்க முதல் அந்த ஆள் முந்தி வேலை செய்த இடத்தில நாலு தாய்மாரையும் நாலு பிள்ளையளையும் கேளுங்கோ, பூசைக்கு வாறாரோ எண்டு மட்டும் பாக்காதேங்கோ. இங்கயே உயர்தரம் முடிச்சிட்டு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிற பிள்ளையள் இருக்கினம், எங்கட பிள்ளையளின்ர பேர், வீடு, கஷ்டம் தெரிஞ்சவை. அவையளைப் படிப்பிச்சு, பயிற்சி குடுத்து, நிரந்தர ஆசிரியராக்க ரெண்டு பகுதியும் சேர்ந்து ஒரு வழி செய்யுங்கோ. போன தவணை 92க்கும் 95க்கும் வந்த சமய மார்க்ஸ் எல்லாத்தையும் ரத்துச் செய்து திரும்ப சோதனை வையுங்கோ, என்ர மகனுக்கு 40 வந்தாலும் பறவாயில்லை.

பதில் எழுத்தில வேணும். கூட்டம் வைச்சு வாயால சொல்லுறது வேண்டாம். அடுத்த தவணை தொடங்க முதல் வராட்டில், நாங்கள் பதினொரு தாய்மார் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், 1929 எண்ட சிறுவர் பாதுகாப்பு அவசர இலக்கத்துக்கும் முறைப்பாடு குடுக்க முடிவெடுத்திருக்கிறம், கடிதம் எழுதி கையெழுத்தும் வைச்சாச்சு.

அதுவரைக்கும் ஒரு சின்ன விசயம், அதுக்கு ஒரு அதிகாரியின்ர ஒப்பமும் தேவையில்லை. பக்கத்து வளவுப் பெடியன் இப்ப சமய பாடத்துக்கு உள்ள போறேல்லை. மணி அடிச்சவுடன போய் தண்ணிக் குழாயடியில இருக்கிறான், மற்றப் பாடம் தொடங்கத் தான் எழும்புறான். ரெண்டு கிழமையா அங்க இருக்கிறான், அவனைத் தாண்டி எத்தினை ஆசிரியர்மார் நடந்து போகினம். நாளைக்குப் போற ஆராவது நிண்டு அவனை உள்ள கூட்டிக்கொண்டு போங்கோ.

இப்படிக்கு,
தரம் 9 பெடியன் ஒருத்தன்ர அம்மா
கிளிநொச்சி